பிராட்ஸ்டெர்ஸ்ல எந்த பீச் நல்லா இருக்கும்? அஷ்டமி அன்னிக்குப் போனா எல்லாமே நல்லா இருக்கும்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் வந்தா போதும், இங்க லண்டன்ல எங்க பசங்க ஸ்கூல் வாசல்ல நிக்கிற நம்மாளுங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, பிரைட்டன் போயாச்சு அங்க ஒரே கூழாங்கல்லு கால் வலிக்குது, சவுத்எண்ட் போயாச்சு தண்ணி எறங்குனா வெறும் சேறு, ஒழுங்கா மணல் இருக்குற பீச்சா ஒண்ணு சொல்லுங்கன்னு. நான் மூணு வருஷமா சொல்றது ஒரே பேருதான், பிராட்ஸ்டெர்ஸ். கென்ட் கவுண்டியோட கெழக்கு மூலைல தானெட்னு ஒரு பகுதி இருக்கு, அதுல இருக்குற குட்டி ஊரு. அந்த ஊருக்கு மட்டும் ஏழு பீச் இருக்கு, வரிசையா சொல்லணும்னா தெற்குல இருந்து டம்ப்டன் கேப், லூயிசா பே, வைக்கிங் பே, ஸ்டோன் பே, ஜாஸ் பே, கிங்ஸ்கேட் பே, பாட்டனி பே. பேன்னா குடா. இது போக ஒரு பக்கம் மார்கேட், இன்னொரு பக்கம் ராம்ஸ்கேட். இவ்ளோ இருந்தா எதுக்குப் போறதுன்னு குழப்பம் வரத்தான் செய்யும், எங்களுக்கும் வந்துச்சு, அந்தக் குழப்பத்துல ஒரு நாள் முழுக்க வீணாவும் போச்சு. அதை மொதல்ல சொல்லிடறேன்.

நாகப்பட்டினத்துல இருந்து அம்மா வந்திருந்தாங்க, ஆறு மாச விசா. கடல் பாக்காம அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, சரின்னு இவர் இன்டர்நெட்ல போட்டோ பாத்து பாட்டனி பேன்னு முடிவு பண்ணிட்டாரு. போட்டோ பாத்தா யாருக்கும் அதுதான் தோணும், வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புப் பாறை தூணு தூணா மணல்ல நிக்கும், கீழ தங்கக் கலர் மணலு, மேல நீல வானம். காலைல சமையல் எல்லாம் முடிச்சு நிதானமா கெளம்பி, பார்க்கிங்குக்கு அரை மணி நேரம் சுத்தி, பாயி, குடை, புளியோதரை தூக்கு, வாளி மண்வெட்டி எல்லாம் தூக்கிட்டு மதியம் ஒரு மணிக்கு கீழ எறங்குனா பீச்சையே காணோம். நெஜமாத்தான் சொல்றேன், பாறைக்கும் தண்ணிக்கும் நடுவுல பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டு மணல், அதுலயே முப்பது நாப்பது பேரு, அதுவும் பாறைக்கு ஒட்டி உக்காரக் கூடாதுன்னு போர்டு வேற. போட்டோல இருந்த தூணெல்லாம் இடுப்பளவு தண்ணில நிக்குது. பெரியவன் எம்மூஞ்சிய பாக்குறான், சின்னவ அழ ஆரம்பிச்சுட்டா. அம்மா மட்டும் அமைதியா, "இன்னிக்கி பௌர்ணமில்லடி, கடல் ஏறித்தானே இருக்கும்"னாங்க. வீட்லயே சொல்லக் கூடாதாம்மான்னு கேட்டா, "என்னைய யாரு கேட்டீங்க"ன்னாங்க. நியாயந்தான்.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், நம்ம ஊர்ல ஏத்தவத்தம் இருந்தாலும் நமக்கு கண்ணுக்கே தெரியாது, சென்னைலயோ நாகையிலயோ கடல் ஏறி எறங்குறது ஒரு மீட்டர் கிட்டத்தான் இருக்கும், மெரினாவுக்கு காலைல போனாலும் சாயங்காலம் போனாலும் அதே மெரினாதான். இங்க அப்படி இல்ல. பௌர்ணமி அமாவாசையை ஒட்டி நாலரை மீட்டர் வரைக்கும் ஏறி எறங்கும், அதாவது ரெண்டு ஆள் உயரத்துக்கும் மேல. சரிவு கம்மியான மணல்ல அவ்ளோ தண்ணி ஏறுச்சுன்னா பீச்சே முழுகிடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ எறங்கும், ஒவ்வொரு நாளும் சுமாரா அம்பது நிமிஷம் தள்ளிப் போயிட்டே இருக்கும்.

அம்மா ஊர்ல இருந்து தினசரி காலண்டர் ஒண்ணு கொண்டு வந்து எங்க கிச்சன்ல மாட்டி வச்சிருந்தாங்க. அந்த காலண்டரையும் மார்கேட் டைடு டைம்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு வாரம் பாத்ததுல எனக்கே ஆச்சரியமா போச்சு. இந்தக் கரையில பௌர்ணமி, அமாவாசை, அதுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல மதியம் ஒரு மணி சுமாருக்கு கடல் நல்லா ஏறி இருக்கு, கோடைகால மணிக்கணக்குல சொல்றேன். அப்போ ஒரு வாரம் கழிச்சு, அரை நிலா வர்ற அஷ்டமி கிட்ட, அதே ஒரு மணிக்கு தண்ணி எறங்கி இருக்கு. அஷ்டமி நவமியில ஏத்தமும் கம்மி வத்தமும் கம்மி, ரொம்ப வெறி புடிச்ச மாதிரி ஏறாது, அதனால மதியம் பூரா மணல் கெடைக்கும். ஆகமொத்தம் லண்டன்ல இருந்து போயிட்டு வர்ற குடும்பத்துக்கு தோதான நாள் எதுன்னா, நம்ம வீட்டுப் பெரியவங்க எந்த நாள்ல வெளிய கெளம்பாதன்னு சொல்வாங்களோ அந்த நாளுதான். இதை அம்மாகிட்ட சொன்னப்போ, "வெள்ளக்காரன் ஊரு, எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு முறுக்க எடுத்து கடிச்சாங்க. காலண்டர் இல்லாதவங்க போன்ல டைடு டைம்ஸ் பாருங்க, லோ டைடு எத்தனை மணின்னு பாத்து அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போய் சேருங்க, அவ்ளோதான். போட்டோவ பாத்து பீச் தேர்ந்தெடுக்காதீங்க, மணிய பாத்து தேர்ந்தெடுங்க.

இனி ஒவ்வொண்ணா வரேன். மொதல்ல போற வழி. கார் வேண்டாம்னுதான் சொல்வேன், கோடைல சனி ஞாயிறு பார்க்கிங் கெடைக்கவே கெடைக்காது. ஈஸ்ட் லண்டன் பக்கம் இருக்கறவங்களுக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனல்ல இருந்து ஹை ஸ்பீடு ட்ரெயின் இருக்கு, ஒண்ணே கால் மணி நேரம் சொச்சம். விக்டோரியால இருந்து போற சாதா ட்ரெயின் இன்னும் அரை மணி நேரம் கூட எடுக்கும், ஆனா டிக்கெட் கொஞ்சம் கம்மி. மூணு பேர்ல இருந்து ஒம்பது பேர் வரைக்கும் சேர்ந்து போனா குரூப்சேவ்னு ஒண்ணு இருக்கு, ஆஃப் பீக்ல, அதாவது கூட்டம் கம்மியான நேரத்துல, மூணுல ஒரு பங்கு கொறையும், நிறைய பேருக்கு இது தெரியாம முழு காசு குடுக்கறாங்க. ரெண்டு குடும்பம் சேர்ந்து போனா நல்லாவே மிச்சமாகும்.

வைக்கிங் பே. இதுதான் ஊருக்கு நடுவுல இருக்குற பீச், ஸ்டேஷன்ல இருந்து ஹை ஸ்ட்ரீட் வழியா கீழ எறங்கி பத்து நிமிஷம் நடந்தா வந்துடும். அரை வட்டமா, கையால வளைச்சு புடிச்ச மாதிரி ஒரு குடா, ஒரு ஓரத்துல சின்ன ஹார்பரு, அதுக்கு மேல குன்றுல கோட்டை மாதிரி ஒரு வீடு. அதுக்குப் பேரு பிளீக் ஹவுஸ், சார்லஸ் டிக்கன்ஸ்னு பெரிய இங்கிலீஷ் நாவலாசிரியர் கோடைக்கு வந்து தங்குன வீடு, அப்போ அதுக்குப் பேரு ஃபோர்ட் ஹவுஸ். மனுஷன் 1837-ல மொதல் தடவ இந்த ஊருக்கு வந்து, அப்புறம் பல வருஷம் திரும்பத் திரும்ப வந்திருக்காரு. வைக்கிங் பேன்னு பேரு வந்தது என்னமோ ஆயிரம் வருஷப் பழசுன்னு நெனச்சேன், இல்லவே இல்ல, 1949-ல டென்மார்க்ல இருந்து 53 பேரு அந்தக் காலத்து வைக்கிங்னு சொல்ற கடலோடிங்க கப்பல் மாதிரியே ஒண்ணு கட்டி அதுல துடுப்பு போட்டு வந்து இங்க எறங்குனாங்களாம், அதுக்கப்புறம் வச்ச பேரு. அந்தக் கப்பல் இன்னும் இருக்கு, ராம்ஸ்கேட் தாண்டி பெக்வெல் பே பக்கத்துல ரோட்டோரமா நிக்குது, பெரியவன் அதப் பாத்தே ஆகணும்னு அடம்புடிச்சு ஒரு தடவ போனோம்.

இந்த பீச்சோட பெரிய பலமே இது எப்பவும் கைவிடாதுங்கறதுதான். தண்ணி முழுசா ஏறுனாலும் மேல் பக்கம் மணல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால பௌர்ணமி அன்னிக்கே போய் மாட்டிக்கிட்டாலும் பாய் போட இடம் கெடைக்கும். டாய்லெட் இருக்கு, டீ கடை இருக்கு, மழை வந்தா ஒதுங்க கடை இருக்கு. கோடைல லைஃப்கார்டு இருப்பாங்க, செவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுலதான் குளிக்கணும். மேல ப்ராமனேட்ல, அதாவது கடலோர நடைபாதைல இருந்து கீழ எறங்க லிஃப்ட் ஒண்ணு இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலி, நாங்க போன அன்னிக்கு லிஃப்ட் ஓடுச்சு, ஆனா அதையே நம்பிப் போகாதீங்க, வருஷம் பூரா ஓடாது. ஓடலன்னா ஹார்பர் பக்கம் சரிவா ரோடே கீழ எறங்குது, வீல்சேரோ குழந்தை வண்டியோ தள்ளிட்டுப் போகலாம். அம்மா புடவைய கொஞ்சம் தூக்கிச் சொருகிட்டு கணுக்கால் வரைக்கும் நனைச்சாங்க, நனைச்ச வேகத்துல "அய்யய்யோ ஐஸு"ன்னு கத்துனது ஹார்பர் வரைக்கும் கேட்ருக்கும். ஆகஸ்ட்லயே தண்ணி 17, 18 டிகிரிதான் இருக்கும், மே மாசம்னா 11 கிட்ட. வெயில் அடிக்குதேன்னு தொபுக்கடீர்னு குதிச்சிடாதீங்க, மூச்சு அடைக்கும்.

குறைன்னா ரெண்டு. ஒண்ணு கூட்டம், அதுவும் ஆகஸ்ட்ல ஃபோக் வீக்னு ஒரு பாட்டுத் திருவிழா நடக்கும், அந்த வாரம் போனா தெருவுலயே நடக்க முடியாது, பாட்டு கேக்கணும்னு இருந்தா மட்டும் போங்க. ரெண்டாவது, இந்த பீச் தென்கிழக்கு பாத்து இருக்கு, பின்னாடி பாறை இருக்கு, அதனால சாயங்காலம் ஆச்சுன்னா மத்த எடத்துல நல்லா வெயில் இருக்கறப்பவே இங்க நிழல் விழுந்துடும். நிழலுக்கு நம்ம ஊர்ல ஏங்குவோம், இங்க நிழல் விழுந்தா ஸ்வெட்டர் தேடணும். அதனால காலைல வைக்கிங் பே, மூணு மணிக்கு மேல வேற எங்கயாச்சும், இதுதான் நான் கண்டுபுடிச்ச கணக்கு.

வைக்கிங் பேல இருந்து வடக்க ப்ராமனேட்லயே நடந்தா ஸ்டோன் பே. அதே மணல்தான், பாதி கூட்டம்தான், கலர் கலரா பீச் ஹட், அதாவது குட்டி மரக் குடில், வரிசையா இருக்கும். மேல ரோட்டுக்கு ஏறணும்னா படி செங்குத்தா இருக்கும், வந்த வழியே திரும்பி நடந்துட்டா பிரச்சினை இல்ல. தெற்கு பக்கம் லூயிசா பே, தண்ணி ஏறுனா மணல் கெடையாது, காங்க்ரீட் நடைபாதைல உக்காந்து காலாட்ட நல்லா இருக்கும், அவ்ளோதான். டம்ப்டன் கேப்புக்கு நாய் வச்சிருக்கறவங்களும் பாறைக் குட்டைல நண்டு புடிக்கிற பசங்களும்தான் அதிகம் போறாங்க, குளிக்கறதுக்குன்னு போகாதீங்க.

பாட்டனி பேக்கு மறுபடியும் போனோம். இந்தத் தடவ நவமி, லோ டைடு ரெண்டு மணிக்கு, நாங்க பன்னெண்டு மணிக்கே எறங்கிட்டோம். அதே எடம்னு நம்ப முடியல. போன தடவ தண்ணில முழுகி நின்ன தூணுங்க எல்லாம் காஞ்ச மணல்ல நிக்குது, நடுவுல பூந்து பூந்து பசங்க ஒளிஞ்சு வெளையாடுறாங்க. சுண்ணாம்புப் பாறைய தொட்டா கைல மாவு மாதிரி ஒட்டுது, சின்னவ கோலம் போட பாட்டிக்கு ஒரு துண்டு பொறுக்கிட்டு வந்தா, கீழ கெடந்ததுதான், பாறைய குத்தி எடுக்கக் கூடாது. அந்தப் பாறைக்குள்ள கறுப்பா கோடு கோடா ஓடறது சிக்கிமுக்கிக் கல்லு. கீழ கெடக்குற கல்லுல நிதானமா தேடுனா கடல் முள்ளெலி கல்லா போனது கெடைக்கும், டைனோசர் காலத்து உயிரு, பெரியவன் ரெண்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம தேடி பாதி உடைஞ்சது ஒண்ணு எடுத்தான், அதுக்கப்புறம் ஒரு மாசம் அது தலகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு.

பாட்டனி பேல ரெண்டு விஷயம் ஜாக்கிரதை. பாறைக்கு ஒட்டி பாய் விரிக்காதீங்க, நிழலா இருக்கேன்னு நம்மாளுங்க நேரா அங்கதான் போவாங்க, சுண்ணாம்புப் பாறை எந்த அறிவிப்பும் இல்லாம பொலபொலன்னு சரியும். இன்னொண்ணு, தண்ணி எறங்குனப்போ அந்தப் பக்கம் வளைவு சுத்தி கிங்ஸ்கேட் வரைக்கும் மணல்லயே நடந்து போகலாம், ரொம்ப அழகா இருக்கும், ஆனா தண்ணி ஏற ஆரம்பிச்சா மொதல்ல அடைபடறது அந்த வளைவுதான், மேல ஏற படியும் இருக்காது. லோ டைடுக்கு முன்னாடி போயிட்டு லோ டைடு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல திரும்பிடணும். மாட்டிக்கிட்டா 999-க்கு போன் பண்ணி கோஸ்ட்கார்டுன்னு கேளுங்க, நீந்திப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. இங்க வசதிங்க கம்மி, டாய்லெட் கியூ நீளம், சாப்பாடு கையோட கொண்டு போயிடுங்க. பஸ்ல போனா எறங்கி கொஞ்ச தூரம் வீடுங்களுக்கு நடுவுல நடக்கணும். கார்ல போறவங்க அந்தத் தெருவாசிங்க வாசலை அடைச்சு நிறுத்தாதீங்க, நாங்க போன அன்னிக்கு ஒரு தாத்தா வெளிய வந்து நின்னு யாரையும் திட்டல, சும்மா பாத்துட்டு நின்னாரு, எனக்கு அதுவே சங்கடமா போச்சு.

கிங்ஸ்கேட் பே ரொம்ப சின்னது, பாறைல வளைவு மாதிரி ஒரு ஓட்டை, அது வழியா நடந்து போட்டோ எடுக்கலாம், மேல குன்றுல கோட்டை மாதிரி ஒரு கட்டடம். இரண்டாம் சார்லஸ் ராஜா 1683-ல இங்க கரை எறங்குனதாலதான் கிங்ஸ்கேட்னு பேரு. ராஜா வாசலாம், டாய்லெட் கூட இல்ல. முட்டி வலி இருக்கறவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க.

ஜாஸ் பே கொஞ்சம் வேற ரகம். 1700-கள்ல இந்தக் கரையே கடத்தல்காரங்க கோட்டையா இருந்திருக்கு, ஜாஸ் ஸ்னெல்லிங்னு ஒருத்தன் பேருலதான் இந்த பீச் இருக்கு, 1769-ல பாட்டனி பேல சுங்கக்காரங்களோட சண்டையே போட்ருக்கான், கடத்தல்காரன் பேருல ஒரு பீச், ராஜா பேருல ஒரு பீச், பக்கத்துல பக்கத்துல. இங்க அலை வரும், சர்ஃபிங் கத்துக் குடுக்கறாங்க. பதினஞ்சு வயசுப் பசங்க வீட்ல இருந்தா, பீச்சுன்னாலே போர்னு சொல்ற பசங்க இருப்பாங்கல்ல, அவங்கள இங்க கூட்டிட்டு வந்து விட்ருங்க. வடக்குல இருந்தோ வடகிழக்குல இருந்தோ காத்து அடிச்சா மட்டும் வேண்டாம், மணல் சோத்துல விழும், கை கால் எல்லாம் நடுங்கும். மேல நார்த் ஃபோர்லேண்டு லைட்ஹவுஸ் இருக்கு, இங்கிலாந்துல ஆள் வச்சு நடத்துன லைட்ஹவுஸ்லயே கடைசியா 1998-லதான் இத ஆட்டோமேட்டிக் ஆக்குனாங்க.

சாயங்காலத்துக்கு மார்கேட். பிராட்ஸ்டெர்ஸ்ல இருந்து ட்ரெயின்லயும் போகலாம், லூப்னு ஒரு பஸ் மூணு ஊரையும் சுத்தி வரும், அடிக்கடி இருக்கும், ஒத்த டிக்கெட் இப்போதைக்கு 3 பவுண்டு தாண்டாது. மார்கேட் ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பீச், அவ்ளோ பக்கம். மணல் மெத்துன்னு பரந்து கெடக்கும், குழந்தைங்களுக்கு தண்ணி ஆழமே கெடையாது, தண்ணி எறங்குனா கடல் எங்கயோ தூரத்துல போய் நிக்கும். அத மொதல் தடவ பாத்தப்போ அம்மா சட்டுனு நின்னுட்டாங்க. "ஏன்டி கடல் இப்படி உள்ள போயிருக்கு"ன்னு எங்கைய புடிச்சாங்க. 2004-க்கு அப்புறம் எங்க ஊர்ல கடல் உள்வாங்குச்சுன்னு சொன்னாலே யாருக்கும் தூக்கம் வராது. இது தெனமும் ரெண்டு தடவ நடக்கும்மா, பாரு குழந்தைங்க எல்லாம் வெளையாடுதுன்னு சொல்லி, போன்ல டைடு அட்டவணைய காட்டி, ஒரு கா மணி நேரம் ஆச்சு அவங்க மணல்ல கால வைக்க. நாங்க பீச் பாத்து சொல்லும்போது இதெல்லாம் யோசிக்கவே இல்ல.

ஆனா அம்மாவுக்கு கடைசில ரொம்ப புடிச்சது மார்கேட்தான், அதுக்குக் காரணம் சூரியன். நாங்க கெழக்குக் கரைக்காரங்க, கடல்ல சூரியன் உதிச்சுத்தான் பாத்திருக்கோம், மறைஞ்சு பாத்ததே இல்ல, எழுவது வயசுல அம்மாவுக்கு அது மொதல் தடவ. பிராட்ஸ்டெர்ஸ் பீச்சுங்கள்ல இது கெடைக்காது, மார்கேட்டோட மெயின் பீச் வடமேற்கு பாத்து இருக்கறதால கோடைல தண்ணிக்குள்ளயே எறங்கும். டர்னர்னு ஒரு பெரிய ஓவியர் இந்த வானத்துக்காகவே இந்த ஊருக்கு வருவாராம், அவர் பேருல 2011-ல தொறந்த ஆர்ட் கேலரி கடலோரமா இருக்கு, உள்ள போக டிக்கெட் இல்ல. அதுக்குப் பக்கத்துல தண்ணில ஒரு இரும்பு மனுஷன் சிலை நிக்குது, தண்ணி ஏறுனா முழுகிடும், எறங்குனா வெளிய வரும், சின்னவ யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு பதறிட்டா. ஜூன்ல ஒம்பதே காலுக்குத்தான் சூரியன் மறையும், அதனால கடைசி ட்ரெயின் டைம் பாத்து வச்சுக்கோங்க.

மார்கேட்ல இருந்து கொஞ்சம் கெழக்க க்ளிஃப்டன்வில்ல வால்போல் பே டைடல் பூல்னு ஒண்ணு இருக்கு, இத நிறைய பேருக்கு தெரியாது. 1937-ல கடலுக்குள்ளயே சுவர் கட்டி 4 ஏக்கர்ல ஒரு குளம் மாதிரி பண்ணிருக்காங்க, தண்ணி ஏறுறப்போ கடல் சுவர தாண்டி வந்து ரொப்பிட்டுப் போயிடும், எறங்குனப்புறம் அலையில்லாத கடல் தண்ணி அப்படியே நிக்கும். கடல் தூரமா போயிட்டா குளிக்க எங்க போறதுன்னு யோசிக்கறவங்களுக்கு இதுதான் வழி. கடல் பக்கத்து சுவர் கிட்ட ஆழம், நீச்சல் தெரியாதவங்க கரைப்பக்கமே இருங்க. வழுக்கும், பழைய செருப்பு போட்டுட்டு எறங்குங்க.

ராம்ஸ்கேட்ல ஹார்பர் அழகு, பீச்சும் நல்ல மணல்தான், ஆனா ஸ்டேஷன்ல இருந்து அரை மணி நேரம் நடக்கணும். குழந்தைங்களோட நான் திரும்பப் போக மாட்டேன்.

சாப்பாடு விஷயம். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி வெஜிடேரியன்ஸ் ஒரு கேள்வி கேட்டுருங்க, எந்த எண்ணெய்ல பொரிக்கறீங்கன்னு. சில பழைய கடைல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, சிப்ஸும் அதுலதான். ஒரு ஊர்ல ஒரு கடைல கேக்காம வாங்கிட்டு அம்மா பாதி சாப்டப்புறம் போர்ட பாத்தோம், அந்தப் பாவம் இன்னும் எங்கணக்குலதான் இருக்கு. கடல் காக்காயும் லேசுப்பட்டது இல்ல, இவர் கைல இருந்த மீன மொத்தமா தூக்கிட்டுப் போயிடுச்சு. ஐஸ்க்ரீமுக்கு வைக்கிங் பே மேல மொரெல்லிஸ், 1932-ல இருந்து இருக்குற இத்தாலிக்காரங்க கடை, உள்ள ரோஸ் கலர் சீட்டு, பழைய காலத்து ஜூக்பாக்ஸ் கடை மாதிரி. விலை கூடத்தான், வாங்கலாம், பிஸ்தா நல்லா இருந்துச்சு.

தண்ணி சுத்தம் பத்தி ஒண்ணு. இந்த நாட்டுல பெரு மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணிய கடல்ல தொறந்து விடற பழக்கம் இருக்கு, இந்தப் பக்கத்து தண்ணி கம்பெனிக்கு 2021-ல கோர்ட்டு 9 கோடி பவுண்டு அபராதமே போட்டுச்சு. நான் என்ன பண்றேன்னா, முந்தின ரெண்டு நாள்ல நல்ல மழைன்னா மணல் மட்டும்தான், தண்ணி கெடையாது. மே 15-ல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் தண்ணிய டெஸ்ட் பண்ணி போர்டுல எழுதுவாங்க, அதையும் பாத்துக்கோங்க. ஆகஸ்ட்ல கடல்பாசி ஒதுங்கி அழுகி நாறும், அது சாக்கடை இல்ல, பயப்பட வேண்டாம். பசங்க மூக்க பொத்துனப்போ அம்மா நல்லா மூச்சிழுத்து, "இப்பதான்டி அக்கரைப்பேட்டை மாதிரி இருக்கு"ன்னாங்க, எங்க நாகப்பட்டினத்து மீனவங்க ஊரு அது.

எம்மார்க்கு கேட்டா, வயசானவங்களும் சின்னக் குழந்தையும் இருந்தா வைக்கிங் பே பத்துக்கு ஒம்பது, நாள் பாத்துப் போனா பாட்டனி பேயும் ஒம்பது, பாக்காமப் போனா ரெண்டு. மார்கேட் சாயங்காலத்துக்கு மட்டும்னா பத்து. அடுத்த மாசம் மூணு குடும்பமா திரும்பப் போறோம், தேய்பிறை அஷ்டமி, சனிக்கிழமை. அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, போன்ல சொன்னேன், ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம், "சரி போறதுதான் போறீங்க, அஷ்டமியோட ராகுகாலமும் வேணாம், ஒம்பது மணிக்கு முன்னாடி வீட்ட விட்டு எறங்கிடுங்க"ன்னாங்க. எட்டே முக்காலுக்கு ட்ரெயின், டிக்கெட் போட்டாச்சு.